லாம்புக் கடகம்

நேற்றுப் பின்னேரம் மரியதாஸ் சந்தையிலிருந்து பனையோலையில் பின்னிய ஒரு புதுக் கடகம் வாங்கிக்கொண்டு வந்தார். சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டியிருந்தார். நத்தார்ப் பண்டிகைப் பலகாரம் போட்டு வைக்க ஒன்று வேண்டும் என்று நான் கேட்டதாகச் சொன்னார். நான் கேட்கவே இல்லை. ஆனாலும் கையில் வாங்கினேன். காய்ந்தும் காயாத பனையோலை மணம் மூக்கில் ஏறியதும், என்னை அறியாமலே அதைக் கவிழ்த்துத் தூக்கி, உள்ளே தலையை விட்டு, சூரியன் பக்கம் திரும்பி நின்றேன். எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவுக்கு விசர்" என்றாள். நீ இருந்திருந்தால் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, "பொட்டுத் தெரிஞ்சா மீனுக்கு, தெரியாட்டி லாம்புக்கு" என்று சொல்லியிருப்பாய். ஒரு பொட்டும் தெரியவில்லை. நல்ல கடகம். அந்தச் சந்தோசத்தில்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ கடிதம் வாசிக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அரைப் பக்கம் தாண்டினால் கொட்டாவி விடுவாய். பரவாயில்லை. இவ்வளவு காலமும் நீ பேச நான் கேட்டேன். இன்றைக்கு நீ கேள்.

நான் இந்தக் கரைக்கு வந்த கதையை ஒருநாளாவது என்னை முழுதாகச் சொல்லவிட்டாயா? பாதியில் பறித்துக்கொண்டு நீயே சொல்லி முடிப்பாய். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, மாங்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பம் எங்களுடையது. சைக்கிளில் கருவாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு வந்த மரியதாஸைக் காணும் வரைக்கும் எனக்குக் கடல் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் கருவாட்டைக் காட்டி என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று முள்ளிவாய்க்கால் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நீ. எனக்கு "மலை" என்று பெயர் வைத்தவளும் நீ. என் சொந்தப் பெயரை இந்தக் கரையில் கோயில் பதிவில் மட்டும்தான் காணலாம்.

வந்த முதல் கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மாமி வெயிலில் விரித்திருந்த கருவாட்டில் உப்பும் மணலுமாக ஒட்டியிருந்தது. புது மருமகள் நல்ல பெயர் எடுக்க வேண்டாமா? கிணற்றில் அள்ளி அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழுவி வடியவிட்டேன். வேலிக்கு மேலால் உன் தலை தெரிந்தது. அன்றைக்குத்தான் உன்னை முதல்முதல் காண்கிறேன்.

"எடியே, என்ன செய்யிறாய்?"

"கழுவுறேன்."

"ஏன், அதுக்குக் கலியாணமோ?"

அதற்குப் பிறகுதான் நான் செய்த வேலை என்னவென்று எனக்கு விளங்கியது. அழத் தொடங்கினேன். நீ வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாய். வந்த கையோடு திரும்ப ஓடி, உங்கள் வீட்டு உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மாமி கோயிலால் வருவதற்குள் இரண்டு பேருமாக எல்லாவற்றுக்கும் மறுபடி உப்புத் தடவி முடித்தோம். இரவு சாப்பிடும்போது மாமி, "இந்த முறைக் கருவாடு நல்ல வெள்ளையாக் காஞ்சிருக்கு" என்றா. நான் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கிருந்து நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சண்டை வருடங்களில் கரையில் கரண்ட் இல்லை. பற்றரி வரத் தடை. மண்ணெண்ணெயைத் தங்கம் போலப் பார்த்துப் பார்த்து ஊற்றினோம். இருந்த வெளிச்சம் லாம்பு வெளிச்சம் மட்டும்தான். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. பிளேன் சத்தம் கேட்டால் லாம்பை நூர்த்து இருட்டாக்க வேண்டும். சாப்பாட்டின் நடுவிலும், செபத்தின் நடுவிலும், பிள்ளை பெறும் இடத்திலும் அதே சட்டம்தான். முதலில் கேட்பவர் "நூருங்கோ" என்று கத்துவார், வீடு வீடாக அந்தச் சத்தம் கரை நெடுகப் போகும், அதன் பின்னால் இருட்டும் போகும்.

உன்னைப் போலப் பிளேனுக்குப் பயந்தவளை நான் கண்டதில்லை. பொம்பர் வருகிறது என்றால் பங்கருக்குள் முதல் ஆளாகப் பாய்வது நீதான். ஒரு மத்தியானம் சொதிச் சட்டியோடு பாய்ந்தாய். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எங்கோ தூரத்தில் குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. நான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். நீ என் கையைப் பார்த்தாய்.

"சோறு எங்கயடி?"

"எடுக்கல."

"சொதி வந்திட்டுது, சோறு வரேல்லை. உன்னையெல்லாம் நம்பி ஒரு பங்கருக்குள்ள இருக்கேலாது."

சட்டி மூடியில் ஊற்றி மாறி மாறிக் குடித்தோம். அதைவிட ருசியான சொதியை நான் இதுவரை குடிக்கவில்லை. இதைச் சொன்னால் பொம்பருக்கு நன்றி சொல்வது போல இருக்கும். ஆகவே உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நீதான் அந்த வாடைக்காற்று நாளில் லாம்பை நூர்க்கமாட்டேன் என்று நின்றாய்.

அன்று உன்னைப் பெற்ற ஐயாவும் மரியதாஸும் ஒரே வள்ளத்தில் போயிருந்தார்கள். எனக்கு வயிற்றில் மகள். பின்னேரமே வானம் கறுத்துக் காற்றுத் தூக்கிவிட்டது. மற்ற வள்ளங்கள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டன. இவர்களைக் காணவில்லை. வள்ளம் பிந்தினால் அந்த வீட்டுப் பெண்கள் வள்ளம் ஏறும் இடத்தில் தடி நட்டு அரிக்கன் லாம்பு கட்டுவது கரை வழக்கம். அந்த வெளிச்சத்துக்கு நேரே வந்தால் மணல். கொஞ்சம் விலகினால் வள்ளத்தை உடைக்கிற கல்லுப் பார். மழை கொட்டக் கொட்ட நீயும் நானும் போய் லாம்பைக் கட்டினோம். வள்ளங்களின் சொந்தக்காரர் சம்மாட்டியாரும் இன்னும் சிலரும் எங்களோடு நின்றார்கள்.

பொழுதுபட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மேகத்துக்கு மேலே உறுமல் கேட்டது. அந்த மழையிலும் அவர்களுக்கு என்ன வேலையோ.

"லாம்பை நூருங்கோ பிள்ளையள்!" என்று சம்மாட்டியார் கத்தினார். "கரையை முழுக்கச் சாகக் குடுக்கப் போறியளோ?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் அத்தனை வீடுகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். சட்டம் தெரிந்த என் கை தானாகவே லாம்புத் திரியை இறக்கப் போனது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் பல் கிட்டுவது எனக்குக் கேட்டது.

"நூத்தா அவை எங்க வாறது?" என்றாய்.

பிறகு நீ செய்ததை யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் மீனோடு ஒரு கடகம் இருந்தது. மீனை அப்படியே மணலில் கொட்டினாய். கடகத்தைப் பக்கவாட்டில் சரித்து, வாய் கடலைப் பார்க்க வைத்து, லாம்பைத் தடியிலிருந்து அவிழ்த்து அதற்குள் தள்ளினாய். கடல் பக்கம் மட்டும் வெளிச்சம் போனது. மேலேயும் பின்னாலேயும் இருட்டு. காற்றிலிருந்தும் லாம்புக்குக் காவல் கிடைத்தது.

"அண்ணை, மரத்தில ஏறிப் பாருங்கோ, மேலால தெரியுதோ எண்டு!"

கரை முழுக்க மரியாதை கொடுக்கிற சம்மாட்டியார், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையில் வழுக்கி வழுக்கிப் பூவரச மரத்தில் ஏறினார். எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு முட்டியது. மேலேயிருந்து குரல் வந்தது.

"ஒரு பொட்டுத் தெரியுது! வலக்கைப் பக்கத்தால!"

நீ உன் தாவணித் தலைப்பைக் கிழித்து ஓட்டையில் அடைத்தாய்.

"இப்ப?"

"இப்ப இல்லை!"

கடகத்தை இரண்டு பேருமாக இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தோம். உறுமல் தலைக்கு மேலே வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு மாதா பாட்டு எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, சுருதி என்றால் என்னவென்று தெரியாத குரலில், கத்திக் கத்திப் பாடினாய். உறுமல் போய்விட்டது. உன் பாட்டுக்குத்தான் பொம்பர் ஓடியது என்று பிறகு உன் ஐயா சொல்வார். மழை மட்டும் விடவில்லை. எங்கள் வெளிச்சம் கை விரித்த ஒரு பாகம் தூரம்கூடப் போவதாகத் தெரியவில்லை. என் மனம் விட்டுவிட்டது. இனி வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். நீ நினைத்தாயோ தெரியாது, கடகத்தை மட்டும் விடவில்லை.

மழை சட்டென்று ஒரு பக்கம் விலகியது. அந்த இடைவெளிக்குள் வள்ளம் தெரிந்தது. நேரே எங்கள் வெளிச்சத்துக்கு வந்து மணலில் ஏறியது.

மரியதாஸ் இறங்கி வந்து எங்கள் முன்னால் முழங்காலில் விழுந்தார். "நடுக் கடலில நிண்டு பாக்கேக்க, கரையில மாதா கெபி ஒண்டில விளக்கு எரியுது எண்டு நினைச்சன். ஐயா கும்பிட்டுக்கொண்டே துடுப்புப் போட்டவர். கிட்ட வந்து பாத்தா, மீன் கடகமும் ரெண்டு விசரியளும்." உன் ஐயா எங்களைப் பார்த்தார். கடகத்தைப் பார்த்தார். "அதுக்குள்ள கிடந்த மீன் எங்க?" என்றார். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் மணலில் உருண்டு சிரித்தோம். சிரித்துச் சிரித்து அழுகையில் முடிந்தது. அந்தக் கிழமைக்குள் கரையில் எல்லா வீட்டிலும் ஒரு லாம்புக் கடகம் வந்துவிட்டது. வாங்க முன்னம் சூரியனுக்குப் பிடித்துப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. கடகம் விற்கிற மனிசிதான் ஒன்றும் விளங்காமல் எங்களைத் திட்டினா.

கனடாச் சம்பந்தம் உனக்கு வந்தபோது நான்தான் உன்னைவிட அதிகமாகக் குதித்தேன். வவுனியா போக உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி இருந்துகொண்டு நீ சொன்னது நினைவிருக்கிறதா?

"பிளேனுக்குப் பயந்து பங்கருக்குள்ள சொதி குடிச்ச நான், இனிப் பிளேனுக்குள்ளயே இருந்து சோறு தின்னப் போறன். எடி மலை, மேல இருந்து லாம்பு தெரியுதோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லுறன்."

சொன்னபடி சொன்னாய். எழுதப் பஞ்சிப்படுகிற சோம்பேறி நீ, கசற்றில் பேசி அனுப்பினாய். கசற் வவுனியாவால் கைமாறி வரும், பற்றரிதான் வராது. மரியதாஸ் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோ வயரை ரேப் றெக்கோடரில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவார். அவர் சுற்றினால் நீ பேசுவாய். கை களைத்தால் உன் குரல் இழுபட்டு, தடித்து, ஆம்பிளைக் குரலாகிவிடும். "கெதியாச் சுத்துங்கோ, அவளுக்கு மீசை முளைக்குது" என்று நான் கத்துவேன். அக்கம்பக்கமெல்லாம் வந்து குந்தியிருந்து கேட்கும். உன்னைப் போல ஒருத்தி வெளிநாடு போனாலும் ஊரைவிட்டுப் போகவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"எல்லாம் தெரியுதடி!" என்று முதல் கசற்றில் கத்தினாய். "பிளேன் கிளம்பேக்க யன்னலால பாத்தன். ஒவ்வொரு வீட்டு லைட்டும் தெரியுது. இவ்வளவு தெரியுமெண்டா நான் பங்கரை விட்டு வெளிய வந்தே இருக்கமாட்டன். சம்மாட்டி அண்ணையிட்டச் சொல்லு, அவர் கத்தினது சரிதான் எண்டு."

பிறகு உன் மனுசனுக்குக் கனடாவின் வடக்கே ஒரு சுரங்கத்துச் சமையலறையில் வேலை கிடைத்து, நீயும் அங்கே போனாய். றோட்டே இல்லாத ஊர் என்றாய். குளிர்காலம் முழுக்கப் பனி, போக வர ஒரு சின்னப் பிளேன்தான் என்றாய். அந்த ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்த முதல் நாள் பின்னேரமே பிளேன் சத்தம் கேட்டிருக்கிறது. நீ ஓடிப்போய் ஆஸ்பத்திரி லைட் எல்லாவற்றையும் நூர்த்துவிட்டாய். இருட்டில் தாதி கத்த, நோயாளிகள் கத்த, நீ கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு அவர்களையும் படுக்கச் சொல்லிக் கத்தினாயாம். எங்கள் முற்றத்தில் அதைக் கேட்டு ஒருவரும் வயிற்றைப் பிடிக்காமல் இருக்கவில்லை. மரியதாஸ் சிரித்ததில் பெடல் நின்று, உன் குரலும் நின்று, அவரை எல்லோரும் ஏசினார்கள். மறுபடி சுற்றியதும் நீ சொன்னாய்:

"இஞ்ச பிளேன் சத்தம் கேட்டா லைட் போடுவினம், மலை. கேட்டியோ? போடுவினம். பிள்ளையள் வெளியில ஓடி வந்து கை காட்டுவினம். அதிலதான் அரிசி வரும், மருந்து வரும், பெறப் போன பொம்பிளை பிள்ளையோட வருவாள். எனக்கு முதல்ல அழுகை வந்தது. இப்ப நானும் ஓடிப்போய்க் கை காட்டுறன்."

அந்தக் கசற்றை எத்தனை தரம் கேட்டோம் என்று தெரியாது. அந்த இடத்தில் நாடா தேய்ந்துபோய்விட்டது.

போன வருட மாரிக்குப் பிறகு ஒரு கசற் வந்தது. வழமை போல முற்றத்தில் கூடினோம். மரியதாஸ் சுற்றத் தொடங்கினார். தடித்த குரல் ஒன்று மெதுவாக என் பெயரைச் சொன்னது. "கெதியாச் சுத்துங்கோ, மீசை முளைச்சிட்டுது" என்று நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வேகமாகச் சுற்றினார். குரல் மாறவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினார். பேசியது நீ இல்லை, உன் மனுசன். என்னை "மலை" என்று சொல்லாமல் முழுப் பெயர் சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பெறுமாதப் பெண் ஒருத்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். அவளுக்குச் சுகமாகப் பிள்ளை பிறந்ததாம். அவளை அங்கே விட்டுவிட்டு, ஓட்டியோடு நீ மட்டும் அந்தச் சின்னப் பிளேனில் இரவு திரும்பியிருக்கிறாய். வழியில் பனிப்புயல். காற்றில் ஊரின் கரண்டும் நின்று, பிளேன் இறங்கும் பாதை இருட்டாகிவிட்டது. சத்தம் கேட்டதும் ஊர்ச்சனம் முழுக்க இருந்த வாகனங்களை எல்லாம் கொண்டுவந்து, பாதையின் இரண்டு பக்கமும் நிறுத்தி லைட்டைப் போட்டார்களாம். வாகனம் இல்லாதவர்கள் டோர்ச்சைப் பிடித்தார்களாம். உன் மனுசன் சமையலறை லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சத்தம் வந்தது, தலைக்கு மேலே போனது, பிறகு நின்றுவிட்டது. விடிந்துதான் காட்டுக்குள் கண்டார்கள்.

கசற் முடிந்துவிட்டது. மரியதாஸ் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஒற்றை லாம்போடு நாங்கள் ஒரு வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தோம். ஒரு ஊர் முழுக்க வெளிச்சம் பிடித்தும் உன்னைக் கொண்டுவர முடியவில்லை. வெளிச்சம் என்று ஒன்று பிறகு எதற்கு? அதன் பிறகு வீட்டில் கடகம் வாங்குவதை நிறுத்தினேன். பழையது கறையான் அரித்துப் போனது. மீனுக்கு வாளி வாங்கினேன். மரியதாஸ் அந்த வாளியோடேயே கரைக்குப் போய் வந்தார்.

நேற்று, நான் கடகத்துக்குள் தலையை விட்டுப் பார்த்து முடித்த பிறகு, பக்கத்தில் வந்து குந்தினார்.

"அண்டைக்கு எங்களுக்கு உங்கட லாம்பு கனநேரம் தெரியேல்லை. மழை மறைச்சுக்கொண்டு நிண்டது. விலகின நேரம் கண்டம். அவளுக்குப் பனி விலகேல்லை. அவ்வளவுதான்" என்றார். கடகத்தைத் தன் பக்கம் இழுத்து, "ஆனா நீங்கள் நூத்திருந்தா, மழை விலகியும் எங்களுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது" என்றார்.

இத்தனை காலமும் அவர் அதைச் சொல்ல ஒரு கடகம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் போல. உன் கடைசி நேரத்தில் கீழே ஒரு ஊரே உனக்காக விழித்துக்கொண்டு நின்றது என்பதை நான் நேற்றுத்தான் சந்தோசமாக நினைத்துப் பார்த்தேன். பிளேன் சத்தம் கேட்டால் லைட் போடுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தாய் நீ.

இப்போது சில நாளாக எங்கள் வானத்தில் சத்தம் இல்லை. சமாதானம் வரப்போகிறது என்கிறார்கள். நத்தாருக்கு வெளியே விளக்கு வைக்கலாமோ என்று சனம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது. பொழுதுபடும் நேரம் வெகு உயரத்தில் ஏதோ ஒரு நாட்டுக்குப் போகிற பிளேன் ஒன்று மினுங்கிக்கொண்டு போகும். அதற்கே பலர் திரியை இறக்குகிறார்கள்.

இன்றைக்கு அந்த நேரம் நான் லாம்பைக் கொளுத்தி, புதுக் கடகத்துக்குள் அடியில் வைத்து, முற்றத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். இந்த முறை சரிக்கவில்லை. வாய் வானத்தைப் பார்த்தது. மரியதாஸ் பார்த்தார், உள்ளே போனார், போத்தலில் இருந்த மிச்ச மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு வந்து ஊற்றித் திரியை ஏற்றினார். மகள் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள்.

ஒழுங்கையால் சம்மாட்டியார் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். இப்போது அவர் மரம் ஏறுகிற நிலையில் இல்லை, பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, லாம்பு மேலால தெரியுது."

"ஓம் அண்ணை. தெரியட்டும்."

அவர் லாம்பைப் பார்த்தார். உன் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு பொல்லால் வேலியைத் தட்டினார்.

"அப்ப அதைக் கொஞ்சம் உயத்தி வை. பூவரசு மறைக்குது."

கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, அதன் மேல் கடகத்தைத் தூக்கி வைத்தோம். பிளேன் மினுங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் மூன்று பேரும் கை காட்டினோம். வேலிக்கு வெளியே ஒரு பொல்லும் ஆடியது.

எடி, மேலே இருந்து வடிவாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றாய் அல்லவா? பார்த்துச் சொல். தெரியுதோ?